உன் முதல் பாட்டில் கேட்கும் என் குரல்

ஜோயல்,

'அன்புள்ள' என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் மூன்று வருடமாக உன்னிடம் முகம் கொடுத்துப் பேசாத ஒருவன் திடீரென்று அந்த வார்த்தையைப் போட்டால் உனக்கே சிரிப்பு வரும். போன வாரம் உன் அக்கா ரூபி ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். உன் ஆல்பத்தை வெளியிடும் கம்பெனிக்காரர்கள் அனுப்பியதாம். முதல் பாட்டில் என் குரல் வருகிறது, அது என்னுடையதுதான், அதை அவர்கள் உலகம் முழுவதும் எல்லாக் காலத்துக்கும் பயன்படுத்திக்கொள்ள எனக்குச் சம்மதம் என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள் போடாவிட்டால் அந்தப் பாட்டை எடுத்துவிட்டுத்தான் ஆல்பம் வரும். ரூபி இங்கிலீஷில் வாசித்து எனக்குத் தமிழில் சொன்னாள். "மொதப் பாட்டே அதுதானுங்ப்பா. அது இல்லீன்னா ஆல்பமே வேண்டாங்கறான்," என்றாள். இன்றைக்குப் புதன்கிழமை. காகிதம் கடையில் ஆம்ப்ளிஃபயர் மேல் கிடக்கிறது.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் எழுதவில்லை. நம் சபையின் வாட்ஸ்அப் குழுவிலும் போடப்போகிறேன். என்னைக் கேட்காமல் என் குரலை நீ மேடையில் போட்டாய். உன்னைக் கேட்காமல் நானும் ஊரறிய எழுதுகிறேன். சரிக்குச் சரி. உனக்குச் சொல்ல வேண்டியது உண்மையில் ஒரே ஒரு விஷயம்தான், நாலு வரியில் எழுதிவிடலாம். ஆனால் நேராக அதற்கு வர எனக்குத் தைரியம் போதாது. சுற்றிச் சுற்றித்தான் வருவேன். இடையில் உனக்குப் புத்தி சொல்வேன், திட்டுவேன். அதையும் பொறுத்துக்கொள். அறுபத்திரண்டு வயதில் புதுப் பழக்கம் எதுவும் வராது.

உனக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறேன், படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பல்லடத்தில் முப்பத்தைந்து வருடமாக மைக்செட் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் நோன்பி, நம் சபையின் கன்வென்ஷன் என்று எல்லாவற்றுக்கும் போவேன். ஆனால் ஊருக்கு என்னைத் தெரிந்தது சாவு அறிவிப்பில்தான். ஆட்டோ மேல் இரண்டு புனல் ஸ்பீக்கர் கட்டி, வீதி வீதியாக, இன்னாருடைய மனைவியும் இன்னாருடைய தாயாருமான இன்னார் இன்று காலமானார் என்று சொல்லிக்கொண்டு போகும் குரல் என்னுடையது. முதலில் மைக்கைப் பிடித்து நேரில் சொன்னேன். பிறகு கடையில் ஒரு தடவை பேசிப் பதிந்து கொடுத்தால், கூட்டாளி பழனிச்சாமி ஆட்டோவை ஓட்டிக்கொண்டு போவான். இந்துக்கள் வீடென்றால் ஒரு வார்த்தை, நம் வீடென்றால் கர்த்தருக்குள் நித்திரை, கட்சிக்காரர் வீடென்றால் இயற்கை எய்தினார். எது மாறினாலும் 'அவர்கள்' மாறாது. செத்தவர் பேருக்குப் பின்னால் அவர்கள், பிள்ளைகள் பேருக்குப் பின்னால் அவர்கள்.

அந்த 'அவர்கள்' எனக்கு எவ்வளவு பெரிது என்று உனக்குத் தெரியாது. உன் தாத்தா காலமெல்லாம் பண்ணையத்தில் ஆளாக இருந்தவர். தலை நரைத்த பிறகும் தோட்டத்துக்காரர் வீட்டுப் பொடிசுகள் அவரை வாடா போடா என்றுதான் கூப்பிட்டன. அவர் பேரோடு 'அவர்கள்' சேர்ந்தது அவர் செத்த அன்றைக்கு, என் மைக்கில்தான். அன்று ஆட்டோவை அவர் வேலை செய்த தோட்டத்துச் சாலை வழியாகவும் விட்டேன். வண்டியை மெதுவாக உருட்டி, நாலு தடவை சொன்னேன். வரப்பில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். எனக்கு அது போதுமாக இருந்தது.

அதனால்தான் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன். பெற்ற பிள்ளைகளில் ஒருத்தர் பேரையும் விடமாட்டேன். ஒருமுறை கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் வந்தார். அப்பா செத்திருக்கிறார், தம்பியோடு பங்கு வழக்கு. "அவன் பேரு மட்டும் வேண்டாமுங்க. அவன் எங்களுக்குப் பிள்ளையே இல்லீங்க," என்றார். நான் சொன்னேன்: "சண்டையைக் கோர்ட்டுல வெச்சுக்குங்க. சாவுல பேர உடறது பாவமுங்க. என்ற மைக்குல அது நடக்காதுங்க." அவர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார். நீ அப்போது எட்டாவதோ ஒன்பதாவதோ. வயர் சுற்றிக்கொண்டிருந்தாய். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பெருமையாகச் சொன்னாயாம். எஸ்தர் எனக்குச் சொன்னாள். ஊருக்கு உபதேசம் சொல்ல எனக்கு நன்றாகத்தான் வந்தது.

உன் பாட்டு விஷயத்தில் நான் பெரிய யோக்கியனாக நடந்துகொண்டதில்லை. சபையின் வாலிபர் பாடகர் குழுவில் நீ பாடியபோது முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தவன்தான் நான். கோவையில் எஞ்சினியரிங் சேர்ந்து, மூன்று பையன்களோடு பேண்டு ஆரம்பித்தபோது என் முகம் சுருங்கிவிட்டது. உங்கள் பேண்டுக்கு நீங்கள் வைத்த பேரை நான் ஒரு நாளும் சரியாகச் சொன்னதில்லை. வேண்டுமென்றுதான் தப்பாகச் சொன்னேன். உங்கள் முதல் கச்சேரிக்கு என்னிடம் ஸ்பீக்கர் பாக்ஸ் கேட்டாய். நல்ல ஜோடி சும்மாதான் இருந்தது. முகூர்த்தத்துக்குப் போகிறது என்று பொய் சொல்லி, கோன் கிழிந்த ஜோடியைக் கொடுத்தனுப்பினேன். அன்றைக்கு மேடையில் உன் குரல் கரகரவென்று கேட்டதற்கு உன் தொண்டை காரணமில்லை. எஸ்தருக்கு அது தெரிந்து நாலு நாள் என்னோடு பேசவில்லை. "சொந்தப் புள்ளைக்கு ஓட்டப் பாத்திரத்துல சோறு போடுவீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். சத்துணவுக் கூடத்தில் இருநூறு பிள்ளைகளுக்குச் சோறு போட்ட கை அது. அவளுக்கு அப்படித்தான் கேட்க வரும்.

பிறகு நீங்கள் வளர்ந்தீர்கள். பெங்களூர், ஹைதராபாத் என்று போனீர்கள். நீ ஒரு இணையப் பேட்டி கொடுத்தாய். இசை எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு நீ சொன்னது: "எங்கப்பா சாவு சொல்ற ஆட்டோ வெச்சிருக்காருங்க. எங்க ஊட்டுல எந்நேரமும் யாராச்சும் செத்துக்கிட்டே இருப்பாங்க." பேட்டி எடுத்த பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். கூட இருந்த பையன்களும் சிரித்தார்கள். பழனிச்சாமி கடையில் வைத்து எனக்குப் போட்டுக் காட்டினான். அவனும் சிரித்தான். வீட்டுக்கு வந்து எஸ்தரிடம் காட்டினேன், அவளாவது திட்டுவாள் என்று. அவளும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "பையன் உள்ளதைத்தானுங்க சொல்றான்," என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் தாத்தாவுக்கு 'அவர்கள்' போட்ட ஆட்டோவை நீ உலகத்துக்கு வேடிக்கை காட்டிவிட்டாய் என்றுதான் நெஞ்சில் ஏறியது. அதை உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். நான் கேட்கவில்லை. நீ போன் செய்தால் எடுத்து எஸ்தரிடம் கொடுத்துவிடுவேன். இரண்டு மாதம் அப்படியே ஓட்டினேன்.

அந்த இரண்டாவது மாதத்தில்தான் அவளுக்கு முடியாமல் போனது. சிறுநீரகம் கெட்டு ஒரு வருடமாக டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். காய்ச்சல் என்று கோவையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். வழக்கமாக நாலு நாளில் திரும்பிவிடுவோம். ரூபி அப்போது பிள்ளை பெற்றுப் பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது, அவளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ பெங்களூரில் கச்சேரிக்குப் போயிருந்தாய். ஐந்தாம் நாள் விடியற்காலையில் எஸ்தர் போய்விட்டாள். ஊர் அறிந்த கதை இதுதான்: முந்தின நாள் சாயங்காலம் அவள் உன்னைக் கேட்டாள், நான் கூப்பிட்டேன், நீ போனை அணைத்து வைத்திருந்தாய். காலையில் ரூபி உன்னைப் பிடித்துச் சொன்னாள். நீ கிடைத்த பஸ்ஸில் ஏறி மத்தியானம் வந்து சேர்ந்தாய்.

நீ வருவதற்கு முன்னால் நான் செய்ததை ஊரே கேட்டது. என் பெண்டாட்டியின் சாவை வேறு யார் சொல்வார்கள்? கடைக்குப் போனேன், ஷட்டரைப் பாதி இறக்கினேன், மைக் முன்னால் நின்றேன். எழுதி வைத்துக்கொள்ளவில்லை. ஆயிரம் தடவை சொன்னதுதானே. என் பேரைச் சொல்லி, 'அவர்களின் மனைவியும்' என்றேன். அடுத்து வரவேண்டியது உன் பேர். மகன் பேர், பிறகு மகள் பேர், அதுதான் வரிசை. வாய் திறந்தது. மூடினேன். ஒரு மூச்சு விட்டேன். 'ரூபி அவர்களின் தாயாருமான எஸ்தர் அம்மாள் அவர்கள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று முடித்தேன். பழனிச்சாமி கேட்டுவிட்டு, "பையன் பேரு உட்டுப்போச்சுங்களே, இன்னொருக்கா பேசுங்க," என்றான். "எல்லாஞ் சரியாத்தான் இருக்குது, போட்டுட்டுப் போ," என்றேன். கோழிப்பண்ணைக்காரருக்குச் செய்ய மறுத்ததை எனக்கு நானே செய்துகொண்டேன். கூலி கூட வாங்கவில்லை.

நீ பஸ் ஸ்டாண்டில் இறங்கிய நேரத்தில் ஆட்டோ அந்தப் பக்கம் வந்திருக்கிறது. நீ ரோட்டோரத்தில் நின்று கேட்டிருக்கிறாய். கையில் இருந்த போனில் பதிந்திருக்கிறாய். ஏன் பதிந்தாய் என்று அன்றைக்கு உனக்கே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். வீட்டு வாசலுக்கு வந்து, அம்மா முகத்தைக்கூடப் பார்ப்பதற்கு முன்னால் என்னிடம்தான் வந்தாய். "என்ற பேர உட்டுப்போட்டீங்களேப்பா," என்றாய். சத்தம் போடவில்லை. சாமியானாவுக்கு அடியில் சபையார், சொந்தம், தெருக்காரர் என்று அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "சாகப்போறவ பையனக் கூப்புடுங்கன்னு சொன்னா. நீ போன அணைச்சு வெச்சுட்டு ஆடிக்கிட்டு இருந்தே. உனக்குப் பேரு ஒரு கேடா?" உள்ளே போய் அவள் கால்மாட்டில் உட்கார்ந்தாய். நல்லடக்கம் முடிகிறவரை யாரும் உன் பக்கத்தில் வந்து உட்காரவில்லை. அதை நான் பார்த்தேன், பார்த்துக்கொண்டே சும்மா இருந்தேன்.

அதற்குப் பிறகு நீ பேண்டை விட்டாய். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், ஒழிந்தது என்று. ஆனால் நீ விட்டது பேண்டைத்தான், பாட்டை இல்லை. சிங்காநல்லூரில் ஒரு அறை எடுத்துக்கொண்டு, லேப்டாப்பும் கிட்டாருமாகத் தனியாக உட்கார்ந்துவிட்டாய் என்று ரூபி சொன்னாள். "ராக்குதானுங்ப்பா, ஆனா பாதி கம்ப்யூட்டர் சத்தம்," என்று எனக்கு விளக்கினாள். ஒரு வார்த்தை இந்த இடத்தில் சொல்கிறேன், தகப்பனாக இல்லை, சத்தத்தை வைத்துப் பிழைத்தவனாக. நாலு பேர் சேர்ந்து பாடும்போது ஒருவன் தப்பை இன்னொருவன் மூடிவிடுவான். தனியாகப் பாடினால் மூட ஆள் இல்லை. நீ உன் பேரில் ஆல்பம் போடுகிறாய் என்றால் அதில் இருப்பது ஒவ்வொன்றும் உண்மையாக இருக்க வேண்டும். இந்தப் புத்தியைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்பது இன்னும் கொஞ்சத்தில் உனக்குத் தெரிந்துவிடும்.

போன மாதம் ரூபி என்னைக் கோவைக்குக் கூட்டிப்போனாள். கல்லூரி மைதானத்தில் உன் கச்சேரி. "ஒருக்கா வந்து கேட்டுப்போட்டு அப்பறம் திட்டுங்க," என்றாள். வந்தேன். சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே பிள்ளைகள் நிறைந்துவிட்டார்கள். நான் பழக்கதோஷத்தில் பாக்ஸ் அடுக்கியிருந்த விதத்தைத்தான் முதலில் பார்த்தேன். அடியில் அதிர்கிற பேஸ் சத்தம் அதிகம், நடுவில் நிற்பவனுக்கு வார்த்தை கேட்காது. நீ மேலே வந்தாய், தனியாக. பழைய பையன்கள் ஒருவரும் இல்லை. ஒரு பொத்தானைத் தட்டினாய். கரகரவென்று ஒரு புனல் சத்தம், நம் ஆட்டோ புனல், எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். பிறகு என் குரல். 'அவர்களின் மனைவியும்.' நின்றுவிட்டது. திரும்பவும் 'அவர்களின் மனைவியும்.' நிற்கிறது. அடியில் டிரம் ஏறுகிறது. நான் விட்ட அந்த ஒரு மூச்சை நீ இழுத்து இழுத்துப் பெரிதாக்கி வைத்திருந்தாய். அது காலியாக வருகிற ஒவ்வொரு முறையும் அத்தனை பிள்ளைகளும் கையைத் தூக்கி, "ஜோயல்" என்று கத்தினார்கள். குதித்தார்கள். முப்பது நாற்பது தடவை கத்தியிருப்பார்கள்.

என் பக்கத்தில் நின்ற ஒரு பெண்பிள்ளை, நம் ரூபியின் சாயல், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சவுண்டு ஜாஸ்தியா இருக்குதுங்களா அங்கிள்? இந்தக் குரலு யாருதுன்னு தெரியலீங்க, ஆனா செமையா இருக்குதுங்க," என்றாள். நான், "யாரோ மைக்செட்காரனா இருக்கும் அம்மணி," என்றேன். அவள் திரும்பி, அடுத்த சுற்றில் உன் பேரைக் கத்தினாள். என் பெண்டாட்டியின் சாவை வைத்து ஆட்டமா போடுகிறாய் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேடையில் ஏறி வயரைப் பிடுங்கிவிட வேண்டும் என்றுகூட நினைத்தேன். எந்த வயரைப் பிடுங்கினால் எல்லாம் நிற்கும் என்று எனக்குத் தெரியாதா?

அப்போது சத்தமெல்லாம் அடங்கியது. நீ கிட்டாரை மட்டும் வைத்துக்கொண்டு பாடினாய்.

அம்மா கூப்பிட்டா
போனு அணைஞ்சு கெடந்துச்சு
நான் வெளிச்சத்துல நின்னேன்
அவ இருட்டுல தேடுனா

உன் போன் மைக் ஸ்டாண்டிலேயே சொருகியிருந்தது, திரை எரிந்துகொண்டு. ரூபி என் காதில் சொன்னாள்: "இப்பெல்லாம் போனை அணைக்கறதே இல்லீங்ப்பா. பாட்டு நடுவுல யாரு கூப்பிட்டாலும் எடுத்துப் பேசிட்டுத்தான் மறுக்காப் பாடறான். குளிக்கப் போறப்பக்கூட வெளிய வெச்சுட்டுப் போறதில்லை." அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அதற்கு மேல் பாட்டு காதில் ஏறவில்லை. கச்சேரி முடிந்து நீ இறங்கி வந்து, வியர்வையோடு என் முன்னால் நின்றாய். "உங்களுக்குப் புடிக்கலீன்னா எடுத்துப்போடறனுங்ப்பா," என்றாய். உண்மையாகவே சொன்னாய். சொல்லவேண்டியதைச் சொல்ல எனக்கு அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. "பேஸ் ஜாஸ்தி," என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

இனிச் சுற்ற இடமில்லை.

ஆஸ்பத்திரியில் அந்த முந்தின நாள் சாயங்காலம், நாலு மணி. எஸ்தருக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவள் என்னைப் பார்த்து, "ஏனுங்க, ஜோயலுக்கு ஒரு போன் போட்டுக் குடுங்க. அவன் சத்தத்தைக் கேக்கோணும்," என்றாள். அவள் போன் சார்ஜ் இல்லாமல் பையில் கிடந்தது. நான் என் போனை எடுத்தேன். உன் பேர் திரையில் வந்தது. அந்தப் பேட்டியும் அந்தப் பெண்ணின் சிரிப்பும் மனதில் வந்தன. அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று தெரிந்தும் கச்சேரிக்குப் போனவன், அவனாகக் கூப்பிடட்டும் என்று தோன்றியது. நான் கூப்பிட்டால் நான் இறங்கிவந்த மாதிரி ஆகிவிடும். அவளிடம், "இங்க சிக்னல் இல்லை புள்ள," என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்தேன். கதவில் கண்ணாடி இருந்தது. அவள் தலையைத் தூக்கிப் பார்க்கிறாள் என்று தெரிந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். எந்த நம்பரும் அடிக்கவில்லை ஜோயல். வெறும் போனைக் காதில் வைத்துக்கொண்டு, உள்ளே அவள் பார்க்கிற மாதிரி, ஒரு நிமிடம் நின்றேன். பிறகு உள்ளே போய், "அணைச்சு வெச்சிருக்கறான்," என்றேன். கச்சேரி நாளில் நீ மத்தியானத்தோடு போனை அணைத்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். பொய்க்கு அது வசதியாக இருந்தது.

ஐந்தரைக்கு மறுபடி கேட்டாள். மறுபடி வராந்தா, மறுபடி காதில் போன். ஏழு மணிக்கு மூன்றாவது தடவை நான் எழுந்திருக்கும்போது அவளே கையைப் பிடித்து நிறுத்தினாள். "உடுங்க. அவனுக்கு நேரமிருந்தா அவனே எடுத்திருப்பான்," என்றாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். காலையில் நானே உன்னைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவது என்று நினைத்துக்கொண்டுதான் கீழே பெஞ்சில் சாய்ந்தேன். சத்தியமாக நினைத்தேன். ஆனால் நினைத்ததைச் சொல்லி என்ன பிரயோசனம்? விடிவதற்குள் அவள் மூச்சு நின்றுவிட்டது.

மறுநாள் அந்தப் பொய்யை வாசலில் எல்லோர் முன்னாலும் மறுபடி சொன்னேன். அப்போது எனக்குப் பயம். நான் கூப்பிடாததை யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்து, கேட்பதற்கு முன்னால் உன் மேல் தூக்கிப் போட்டேன். உன் பேரை மைக்கில் விட்டதும் கோபத்தில் இல்லை. குற்றம் உன்னுடையது என்று ஊரை நம்பவைக்க எனக்கு அது தேவைப்பட்டது. நீ உன் போனை எடுத்துப் பார்த்திருந்தால் நான் கூப்பிட்டதற்கு ஒரு அடையாளமும் இருந்திருக்காது. மிஸ்டு கால் என்று ஒரு மெசேஜாவது வந்திருக்க வேண்டாமா? நீ அதைத் தேடவே இல்லை. அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி மூன்று வருடம் சுமந்தாய், பாட்டும் எழுதிவிட்டாய். உன் மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் அதுவும் ஒன்று. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் மூஞ்சிக்கு நேராக, எந்த நேரத்துக்குக் கூப்பிட்டீங்க என்று கேட்டிருக்கக் கூடாதா நீ? என்னை நம்பியிருக்கவே கூடாது நீ.

அன்றைக்குச் சாமியானாவுக்கு அடியில் உட்கார்ந்து அவனைப் பார்த்து முகம் திருப்பிக்கொண்டவர்களில் பாதிப் பேர் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். உங்களுக்கும்தான் இது. பையன் மேல் தப்பில்லை. நான் கூப்பிடவே இல்லை.

காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ரூபி நாளைக்குக் கொண்டுவந்து கொடுப்பாள். என் குரல் உலகம் முழுவதும் எல்லாக் காலத்துக்கும் அப்படியே போகட்டும், விட்ட பேரோடு போகட்டும். பொய் சொல்ல என் தொண்டை எப்படித் தயாராக இருந்தது என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். ஆனால் போனு அணைஞ்சு கெடந்துச்சு என்கிற அந்த வரியை நீ பாடாதே. போன் அணைந்தே கிடந்திருந்தாலும் அதற்கு யாரும் கூப்பிடவில்லை; அது உன் வரி இல்லை, நான் உன் வாயில் திணித்தது. அந்த இடத்தில் நான் செய்ததை எழுது. நல்ல வார்த்தை தேடாதே. கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒருவன் வெறும் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான் என்று அப்படியே எழுது. நீ என்னை மன்னிக்கிறாயா என்று கேட்க இதை எழுதவில்லை. நீ வரவும் வேண்டாம். இதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டால் எடுப்பேன், கூப்பிடாவிட்டால் உன்னைக் குறை சொல்லமாட்டேன்.

உனக்குச் சொல்லிவிட்டேன். ஊருக்கும் சொல்லிவிட்டேன். உன் அம்மா மட்டும், மகன் போனை எடுக்கவில்லை என்று நம்பிக்கொண்டே போய்விட்டாள்.